இறக்கத்தில் நின்ற லாரி

சாலையோரம் – 14

போன வாரம் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதைப் பற்றிப் பார்த்தோம். வரப்புத் தகராறு, தொலைந்துபோன ஆர்.சி. புத்தகம் போன்றவற்றுக்கு 100-ஐ அழைக்க வேண்டியதில்லை. விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். ஆனால் ஒரே சங்கதி ஓரிடத்தில் சாதாரணமாகவும் இன்னோரிடத்தில் உயிர்போகும் அவசரமாகவும் இருக்கும் என்பதைத் தொப்பூர் கணவாயில்தான் நான் புரிந்துகொண்டேன்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் டோல்கேட்டைத் தாண்டினால் இறக்கம். ஒருநாள் சாயங்காலம் கட்டமேடு பக்கம் இடது ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. சக்கரத்துக்கு முன்னால் கருங்கல்லை அணை கொடுத்திருந்தார்கள். பின்னால் பத்தடி தள்ளி, ஒடித்துப் போட்ட வேப்பங்கொத்து. கிளீனர் பையன் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டிருந்தான்.

“போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா தம்பி?”

“யாருக்கும் அடி ஒண்ணும் இல்லீங்கண்ணா. மெக்கானிக் வந்துட்டிருக்காரு.”

சமதரையில் அவன் சொல்வது சரி. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொன்னால் ரோந்து வண்டியோ கிரேனோ வரும். ஆனால் இந்த இறக்கத்தில் நிற்கும் வண்டியே ஆபத்து. டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். கியரின் பிடிப்பு இல்லாததால் பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழுகிறது. சூடேறிச் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அப்படி வருகிற வண்டிக்கு முன்னால் பத்தடியில் கிடக்கும் வேப்பங்கொத்து என்ன செய்யும்?

2020 டிசம்பர் 12-ஆம் தேதி இதே கணவாயில், நெரிசலில் நின்றிருந்த கார்கள் மீது பின்னால் வந்த சிமென்ட் லாரி மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-இல் கட்டுப்பாடு இழந்த லாரியால் அடுத்தடுத்து வண்டிகள் மோதின. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, வண்டிகள் தீப்பிடித்தன. அன்றும் 4 உயிர்கள்.

நான் அவசர உதவி எண் 112-க்கே அழைத்தேன். பிறகு 1033-க்கும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: தருமபுரி மாவட்டம், தொப்பூர் கணவாய், சேலம் போகும் பக்கம், கட்டமேடு, இறக்கத்தில் லாரி நிற்கிறது. எந்தப் பக்கம் என்பதை விட்டுவிடாதீர்கள். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் தவறான பக்கம் வந்த வண்டி திரும்பி வரவே பல நிமிடம் போய்விடும். அடிபட்டவர் இருந்தால் முதலில் 108 ஆம்புலன்ஸ். அழைப்பை எடுப்பவர் எங்கோ தொலைவில் இருக்கலாம், நம்மூர்ப் பாலமும் மேடும் அவருக்குத் தெரியாது. அதனால் மாவட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

பலர் தயங்குவது வேறு காரணத்துக்காக. கேஸ், சாட்சி, கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வந்த விதிகள், விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. இன்னொரு தயக்கம், ‘இதற்குள் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்பது. அன்று என்னைத் தாண்டி நூறு வண்டியாவது போயிருக்கும். பிறகு வந்த ரோந்து வண்டிக்காரரிடம் கேட்டேன். முதலில் வந்த அழைப்பு என்னுடையதுதானாம்.

அவர் மேட்டில் வெகுதூரம் ஏறிப்போய் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்தார். மேலிருந்து வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கின. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பையன் துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.