குறிகட்டுவானிற் காத்திருத்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் கடந்து புங்குடுதீவை அடைந்தால், குறிகட்டுவான் இறங்குதுறையிலே தரைவழி முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து மோட்டார் வள்ளத்தில் நயினாதீவுக்குக் கால்மணி நேரம். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒருமணி நேரம். இஃது அமைதியான கடலின் கணக்கு.

சோளகம் வீசுங் காலத்தில் அக்கணக்குப் பிழைத்துவிடும். இப்பகுதிக் கடல் ஆழங் குறைந்தது. ஆகவே காற்றுச் சிறிது உரத்தாலும் அலைகள் குட்டையாயும் செங்குத்தாயும் நெருங்கி எழுகின்றன. ஆழ்கடலின் நீண்ட அலையினும் சிறு வள்ளத்துக்கு இவையே கொடியவை.

"அண்ணை, வெளிக்கிடுவமோ?" என்று வினவினால், "காத்துக் கொஞ்சம் விழட்டும், மாஸ்ரர்" என்பார் தண்டையல். அவரோடு வாதாடுவதிற் பயனில்லை. கடலைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. கடிகாரத்தைப் பார்த்துப் பழகியது நம்முடையது.

பெருக்குமரத்தையும் குதிரைகளையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளையும் காணச் செல்லும் நமக்கு ஒருநாட் பயணம் தவறினால் நட்டமில்லை. ஆனால் அக்கரையில் நோயாளியை வைத்துக்கொண்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியை நினைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒருமணி நேரக் கடல் மிகப் பெரிது. இடந் தட்டுப்பட்டால் முதலில் அவர்களே ஏறட்டும்.

காற்று ஏறுமுன் காலை வள்ளத்தையே பிடியுங்கள். குடிதண்ணீரும், இரவு தங்க நேர்ந்தால் ஒரு மாற்றுடையும் கையிலிருக்கட்டும்.