பிஸ்கட் பெட்டியும் கணக்குப் புத்தகமும்

தோட்டத்து இளைஞர்கள் ஒன்றுகூடித் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்கிறார்கள். முறுக்கு முழுவதும் விற்றுப்போகிறது. ஆனால் பத்து நாள் கழித்து, "பணம் எங்கே?" என்று ஒரு பேச்சுக் கிளம்புகிறது. பொறுப்பேற்ற பிள்ளை ஒரு காசும் எடுத்திருக்கமாட்டாள். எழுதிவைக்க மறந்திருப்பாள், அவ்வளவுதான். ஆயினும் அவள் பெயர் கெட்டுவிடுகிறது. மறு ஆண்டு பொறுப்பேற்க யாரும் முன்வருவதில்லை. இந்த வருத்தம் வராமல் காப்பது எப்படி? அமெரிக்கப் பெண் சாரணியர் ஆண்டுதோறும் நடத்தும் பிஸ்கட் விற்பனையிலிருந்து இன்று அதைத் தெரிந்துகொள்வோம்.

இந்த விற்பனை சிறிதாகத்தான் தொடங்கியது. 1917-இல் ஒக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி நகரில் ஒரு சாரணியர் குழு, வீட்டு அடுப்பில் பிஸ்கட் சுட்டு, உயர்நிலைப் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் விற்றது. 1922-இல் சாரணியர் மாத இதழ் ஒன்று செய்முறையையும் செலவுக் கணக்கையும் வெளியிட்டது. ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்கு வேண்டிய பொருள்களின் விலை 26 முதல் 36 சென்ட். ஒரு டஜனை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்று அது கூறியது. ஆறு டஜனை 25 சென்ட் வீதம் விற்றாலும் 150 சென்ட் வரும். செலவு 36 போக 114 சென்ட் மிச்சம். தாய்மார்களின் உழைப்பும் அடுப்பு எரித்த செலவும் இதில் சேரவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

1934-இல் பிலடெல்பியா நகரச் சாரணியர் தொழிற்சாலையில் செய்த பிஸ்கட்டை வாங்கி விற்றனர். பிறகு நாடெங்கும் அம்முறையே பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கிடைக்காததால், நாட்காட்டி விற்றுக்கூட நிதி திரட்டினார்கள்.

இன்று ஒவ்வொரு குழுவிலும் இதற்கென ஒரு பெரியவர் தொண்டூழியராகப் பொறுப்பேற்கிறார். பெரும்பாலும் அவர் ஒரு பிள்ளையின் தாயாகவே இருப்பார். சம்பளம் கிடையாது. அவர் செய்யும் வேலைகளைக் கேளுங்கள்.

முதல் வேலை, பிள்ளைகளைக் கூட்டி, பணம் எதற்காக என்று அவர்கள் வாயாலேயே முடிவு செய்யவைப்பது. முகாமுக்கா, பிறருக்கு உதவவா? திரளும் பணம் குழுவுக்குப் பொது. அதிகம் விற்றவளுக்கு அதிகப் பங்கு என்பதில்லை.

இரண்டாவது, அளவறிந்து சரக்கு எடுப்பது. ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் 12 சிறு பெட்டிகள் இருக்கும். பல வட்டாரங்களில் எடுத்த சரக்கைத் திருப்பித் தர முடியாது. ஆசைப்பட்டு அதிகம் எடுத்தால், விற்காதது குழுவின் தலையில் விழும். சென்ற ஆண்டு எவ்வளவு விற்றது என்று பார்த்து, குறைவாகத் தொடங்கி, தேவைப்பட்டால் மீண்டும் வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாவதுதான் முக்கியமானது: கைமாறும்போதெல்லாம் எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்குவது. பிள்ளை பெட்டிகளை எடுத்துச் செல்லுமுன் பெற்றோர் ஒப்புதல் தருகிறார்கள். பெட்டிக்கும் பணத்துக்கும் அவர்களே பொறுப்பு.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பெட்டியின் விலை 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடைவாசலில் மேசை போட்டபோது 48 பெட்டிகளும் சில்லறையாக 20 டாலரும் இருந்தன. மாலையில் 11 பெட்டிகள் மிச்சம். விற்றவை 37, அதற்கு 185 டாலர். சில்லறையையும் சேர்த்தால் கையில் 205 டாலர் இருக்கவேண்டும். 200 தான் இருக்கிறதா? அங்கேயே, அப்போதே தேடினால் காரணம் தெரிந்துவிடும். யாருக்காவது மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்திருக்கலாம். பெட்டியை எண்ணியதில் பிழை இருக்கலாம். ஒரு மாதம் கழித்துத் தேடினால் காரணம் கிடைக்காது, பழிதான் கிடைக்கும்.

இது நமக்குப் புதிதல்ல. பால் நிறுக்கும் இடத்தில் நம் தாய்மார்கள் தராசு முள்ளைத் தாங்களும் பார்த்தார்கள். கிராணி எழுதும் எண்ணையும் கேட்டு மனத்தில் வைத்தார்கள். அது சந்தேகமல்ல, கூலிக்குப் பாதுகாப்பு. கணக்கு எழுதுவதும் அப்படியே. அது பிள்ளையை நம்பாததன் அடையாளமன்று. பிள்ளையின் நற்பெயருக்குப் போடும் வேலி.

இன்னொன்றும் உண்டு. கூச்சப்படும் பிள்ளைக்காகத் தாயே எல்லாவற்றையும் விற்றுக்கொடுத்தால் பணம் சேரும்; பிள்ளை ஒன்றும் கற்காது. விலை சொல்வது, சில்லறை எண்ணுவது, "வேண்டாம்" என்றவருக்கும் நன்றி சொல்வது ஆகியவற்றைப் பிள்ளையே செய்யட்டும். பெரியவர் பக்கத்தில் துணைக்கு நின்றால் போதும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை உங்கள் தோட்டத்து இளைஞர்கள் முறுக்கோ அதிரசமோ விற்கப் புறப்பட்டால், மாவு வாங்குமுன் ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். எண்ணுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு வேறொருவர் என்று வையுங்கள். விற்பனை முடிந்த மறுநாளே எல்லாருக்கும் முன்பாக வரவையும் செலவையும் படியுங்கள். படிப்பவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவராகவே இருக்கட்டும்.