ஞாயிற்றுக்கிழமை பஸ்

ஓஹாயோ மாநிலத்தில் எங்கள் வட்டாரத்து பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்தப் போவதாக, நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டியிருந்தார்கள். பதினோரு வருடமாக அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போகிறேன். கண் கோளாறினால் எனக்கு கார் லைசென்ஸ் கிடையாது. ஆனால் தாளைப் பார்த்தபோது என் கஷ்டத்தைவிட டிப்போதான் நினைவுக்கு வந்தது. அங்கே புத்தம்புது பஸ்கள் வரிசையாக வந்து நின்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஸ் வாங்கப் பணம் இருக்கிறது, ஓட்டப் பணம் இல்லையா?

இல்லைதான். ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இங்கே ஊர் பஸ்ஸை நடத்துவது உள்ளூர் அமைப்புகள். தனியார் கம்பெனிகள் நொடித்துப்போன காலத்தில், 1964-ல், அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் மத்திய அரசு கைகொடுக்கத் தொடங்கியது. முதலில் பஸ், ரயில், பணிமனை போன்றவற்றுக்கு மட்டும்தான் பணம். டிரைவர் சம்பளம், டீசல் என்று அன்றாடச் செலவுக்கும் தரலாம் என 1974-ல் வழிசெய்தார்கள். 1998-ல் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரப் பகுதிகளுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். சிறிய ஊர்களுக்கு இன்றும் உண்டு: டிக்கெட் வசூல் போக விழும் துண்டில் பாதிவரை மத்திய அரசு தரும். பெரிய நகரமானாலும் 100 பஸ்ஸுக்குள் ஓட்டினால் பின்னாளில் ஓரளவு விலக்கு கொடுத்தார்கள். எங்களுடையது அதைவிடப் பெரியது.

புது பஸ் வாங்கினாலோ பொதுவாக 100 டாலரில் 80 டாலர் மத்திய அரசுடையது. பெரிய பஸ் என்றால் 12 வருடமோ 5 லட்சம் மைலோ ஓட்டியாக வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. இந்தப் பணத்தில் ஒரு பகுதி பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. காலனுக்கு 18.4 சென்ட் வரி, அதில் 2.86 சென்ட் பொதுப் போக்குவரத்துக்கு. 1993-லிருந்து அந்த 18.4 அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தச் சாமான்தான் பழைய விலைக்குக் கிடைக்கிறது?

கொரோனா வந்தபோது மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். 2020 மார்ச்சில் 2,500 கோடி டாலர், உள்ளூர்ப் பங்கு வேண்டாம், சம்பளத்துக்கும் செலவழிக்கலாம். அடுத்த இரண்டு சட்டங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 6,950 கோடி. எங்கள் பஸ்கள் நிற்காமல் ஓடியது அந்தப் பணத்தில். அது தீர்ந்ததும் மஞ்சள் தாள் வந்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. சக்கர நாற்காலியை நிறுத்தம்வரை தள்ளிவரக் கையில் பலமில்லை. அவரைப் போன்றவர்களுக்காக, 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பஸ் தடத்துக்கு இருபுறமும் முக்கால் மைலுக்குள் வேன் விட வேண்டும். ஞாயிறு தவறாமல் அதில்தான் சர்ச்சுக்குப் போவார். பின்கதவு திறந்து மேடை தரைக்கு இறங்கும். நாற்காலியை ஏற்றி நான்கு மூலையிலும் பட்டை போட்டு, ஒவ்வொன்றையும் டிரைவர் இழுத்துப் பார்ப்பார். ஆனால் பஸ் ஓடும் நாளிலும் நேரத்திலும் மட்டுமே வேன் விடும் கடமை உண்டு. ஞாயிறு பஸ் போனால் வேனும் போகும். மஞ்சள் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

மானியம் வாங்கும் அமைப்பு, சேவையைப் பெரிதாகக் குறைக்குமுன் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். நூலக அரங்கில் கூட்டம் நடந்தது, ஆளுக்கு இரண்டு நிமிடம். எதிர்வீட்டு அம்மாவின் வேனைப் பற்றி மட்டும் பேசினேன். அதிகாரி ஒருவர் மறைக்காமல் சொன்னார்: "பிரேக் சரிபார்க்கிறவருக்கு மானியத்திலிருந்து சம்பளம் தரலாம் அம்மா, பராமரிப்பை முதலீட்டுச் செலவில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தர முடியாது." வாஷிங்டன் மாற்ற வேண்டியது இந்த விதியைத்தான். எதற்குச் செலவழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊருக்கே விட வேண்டும்.

கடைசியில் ஞாயிறு பஸ்ஸை நிறுத்தவில்லை. அரை மணிக்கு ஒன்று என்றிருந்தது மணிக்கு ஒன்றாயிற்று. நான் இப்போது ஐந்தே முக்காலுக்கே நிறுத்தத்தில் நிற்கிறேன். ஒன்பதரைக்கு எதிர்வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கிறதாம்.