கலைஞர் பட்டறையும் அவர்தம் வாழ்வும்

"கலை சோறிடுமா?" என்னும் வினா நம் இல்லந்தோறும் எழுவதொன்றாம். சித்திரம் எழுதுவதில் விருப்பமுற்ற பிள்ளையைப் பெற்றோர் வேறு தொழிலிற் செலுத்துவதற்கு இவ்வச்சமே காரணம். அவ்வச்சம் பொருளற்றதென்று நாம் கூறோம். ஆயினும் அதற்குத் தக்க விடை கண்டார் சிலர் நமக்கு அணித்தாகவே வாழ்ந்திருக்கின்றனர். அவர் வரலாற்றை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

நம் பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயிலிலுள்ள திருவுருவங்களைக் காண்கின்றோம். அவற்றைச் செதுக்கினார் யாவர், எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தார் என நம்மிற் பலர் அறியோம். முற்காலத்தே அரசரும் கோயிலும் சிற்பியைப் புரந்தனர். அப்புரவு குறைந்தபின் கலைஞன் எதனை நம்புவது?

இவ்வினாவை நேர்நின்று ஆராய்ந்தவர் கே. சி. எஸ். பணிக்கர் என்பார். 1911-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், தந்தி இலாகாவிற் பார்த்த உத்தியோகத்தை விடுத்துச் சென்னை அரசினர் கலைப்பள்ளியிற் சேர்ந்து பயின்றார். 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கிய அப்பள்ளிக்கு அந்நாளில் தலைவராயிருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை இவர் செய்ததே. இவருக்குப்பின் 1957-இல் பணிக்கர் அப்பள்ளியின் தலைவரானார். கற்றுத் தேர்ந்த மாணாக்கர், பிழைப்பின்பொருட்டுத் தூரிகையைக் கைவிட நேர்வதே அவர் கண்ட பெருங்குறை.

அதற்கு அவரும் மாணாக்கரும் கண்ட வழி எளியது. கைத்தொழிலாற் பொருளீட்டுவது; எஞ்சிய பொழுதைத் தம் மனம் விழையும் கலைக்கு அளிப்பது. அவ்வாறு ஈட்டிய பொருள்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவினர்.

அவர்க்குக் கைகொடுத்த தொழில்களுள் ஒன்று பாத்திக் என்னும் மெழுகுச் சாயவேலை. உருக்கிய மெழுகைத் துணியின்மேல் வேண்டிய இடங்களிற் பூசிப் பின் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு பட்ட இடத்திற் சாயம் ஏறாது. வேறு நிறம் வேண்டின் மீண்டும் மெழுகிட்டு மீண்டும் தோய்ப்பர். வெளிர்நிறம் முன்னும் அடர்நிறம் பின்னும் ஏற்றுதல் முறை. இறுதியிற் கொதிநீரிலிட்டு மெழுகைப் போக்குவர். மெழுகு வெடித்த கீற்றுகளிற் சாயம் புகுதலால், துணியெங்கும் மெல்லிய நரம்புகள் ஓடினாற்போல் தோன்றும். இதனை விலைக்கு விற்றவர் கலையை விற்றாரல்லர். தம் கலைக்கு வேண்டிய பொழுதை வாங்கினார் என்க.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் புதல்வர் நந்தகோபால், செம்பு முதலிய உலோகத் தகடுகளைத் தட்டி வளைத்துப் பற்றவைத்துச் சிற்பஞ் செய்து, 2017-இல் மறையுந்துணையும் அக்கிராமத்தோடு ஒன்றி வாழ்ந்தார். முன்னோர் பலர் நீங்கினும் கிராமம் இன்றும் உள்ளது. பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கீழ்க்கடற்கரைச் சாலையை அடைந்து ஆங்குச் சேரலாம்.

முதிய கலைஞரொருவரைப் பட்டறையிற் காணச் செல்லும் மாணாக்கர், "இதன் விலை யாது? இதன் பொருள் யாது?" என்று முதற்கண் வினவாதிருத்தல் நன்று. அவர் கையிலுள்ள கருவி யாது, அதனை யாரிடம் கற்றார், எத்துணை முறை பிழைத்துத் திருத்தினார் என்று வினவுக. முடிந்த வேலையைக் கண்காட்சியில் எவரும் காணலாம். செய்யும் கையைக் காணுதல் பட்டறையிலன்றி எய்தாது. அக்கை ஓய்ந்தபின் அதனை எந்நூலும் காட்டமாட்டாது.

கலை சோறிடுமா என்பார்க்கு நாம் கூறும் விடை இதுவே: தனியொருவனுக்கு அது அரிது, ஒருவரையொருவர் தாங்கி உழைப்பார்க்கு இயலும். நம்மூர்ப் பிள்ளையொருவன் கரிக்கோலை எடுக்குங்கால் இதனை நினைந்து, அவனை அச்சுறுத்தாது விடுவோமாக.