மும்பையின் வளைமுகப்பு வீடுகள்

மும்பை ஓவல் மைதானத்தின் கிழக்கில் 19ஆம் நூற்றாண்டின் கோதிக் பாணிப் பொதுக் கட்டடங்கள் நிற்கின்றன. மேற்கில், 1930ஆம் ஆண்டுகளில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்விரு தொகுதிகளையும் 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பின்னவை 'ஆர்ட் டெக்கோ' என்னும் பாணியைச் சேர்ந்தவை. 1925இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற அலங்காரக் கலைப் பொருட்காட்சியிலிருந்து இப்பாணி பெயர் பெற்றது. கப்பல், விமானம் ஆகியவற்றின் வேகத்தை நினைவூட்டும் வளைந்த மூலைகள், கிடைக்கோடுகள், கப்பல் தளத்தை ஒத்த கைப்பிடிக் கம்பிகள் ஆகியன இதன் ஒரு கிளையின் அடையாளங்கள். கடலைத் தூர்த்து உருவாக்கிய பேக்பே நிலத்திலும் மரைன் டிரைவிலும் இவ்வீடுகள் பெருகின. தமிழர் பலர் குடியேறிய மாதுங்காவிலும், தாதரிலும் இவற்றைக் காணலாம்.

இவ்வடிவத்தைச் சாத்தியமாக்கியது இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டே. பருத்த சுவர்களின்றி, தூண்களின் மேல் தளங்களைத் தாங்கச் செய்யவும், பால்கனிகளை வெளியே நீட்டவும் அது உதவியது. சன்னல்களின் மேல் புருவம்போல் நீண்ட மறைப்புகள் வெயிலையும் மழையையும் தடுத்தன. ஆகவே இது வெறும் மேனாட்டு இறக்குமதி அன்று. நம் தட்பவெப்பத்திற்கு ஏற்பத் திருத்தப்பட்ட பாணி எனலாம்.

ஆயினும், அதே கான்கிரீட்டே இன்று கவலைக்குக் காரணமாகியுள்ளது. உப்புக்காற்றும் ஈரமும் உட்புகுந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேற்பூச்சு மட்டும் இதனைத் தீர்க்காது. பழுதான பகுதியைச் செதுக்கி, கம்பியைச் சீர்செய்து, மீண்டும் கான்கிரீட் இடுதல் வேண்டும்.

இதற்கான செலவை ஏற்பது யார் என்பதே சிக்கல். 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைப் பெரும்பாலும் 1940ஆம் ஆண்டு அளவில் நிறுத்தியது. அது குடியிருப்போரைக் காத்தது; ஆனால் உரிமையாளருக்குப் பழுதுபார்க்கும் ஊக்கத்தைக் குறைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தபோதிலும், அடிப்படை வாடகை சிறிதாயிருக்கும்போது அவ்வுயர்வும் சிறிதே.

பெருநகர் பம்பாய்க்கான பாரம்பரியக் கட்டட விதிமுறைகள் 1995இல் நடைமுறைக்கு வந்தன. பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ முன் அனுமதி தேவை. எனினும் இடிக்கத் தடை விதிப்பது வேறு. பழுதுபார்க்க வழிசெய்வது வேறு. உரிமையாளர், குடியிருப்போர், அரசு ஆகிய முத்தரப்பினரும் செலவைப் பகிர்ந்துகொண்டாலன்றி, சட்டத்தால் காக்கப்பட்ட வீடு மழையால் வீழ்வதைத் தவிர்க்க இயலாது.