ஆய்வகத்தின் வாசலும் மேசையும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் தலித் வீடுகளிலிருந்தும், சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடி வீடுகளிலிருந்தும் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். பலருக்கு வீட்டில் வழிகாட்ட யாருமில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் வேதியியல் படித்த இரண்டு பெண்களின் கதையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாமவர் கமலா சோஹோனி. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர் சர் சி.வி. இராமன். பெண் என்பதாலேயே அவர் மறுத்தார். கமலா நேரில் போய்க் காரணம் கேட்டார், விடாமல் போராடினார். கடைசியில் நிபந்தனையோடு இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு சோதனைக் காலம், வேலையின் தரம் இயக்குநருக்குத் திருப்தி தந்தால்தான் அது கணக்கில் சேரும், ஆண் ஆய்வாளர்களின் கவனம் இவரால் சிதறக் கூடாது.

பால், பயறு வகைகளின் புரதங்களை ஆராய்ந்து 1936இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். பிறகு கேம்பிரிட்ஜ் போனார். உயிரணு மூச்சுவிட உதவும் 'சைட்டோகுரோம் சி' என்ற பொருள் தாவரங்களிலும் இருக்கிறது என்று உருளைக்கிழங்கை வைத்து ஆராய்ந்து காட்டினார். 1939இல் முனைவர் பட்டத்தோடு நாடு திரும்பினார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிலும், நம் நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றி, பம்பாயில் உயிர்வேதியியல் பேராசிரியரானார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று 'நீரா', அதாவது புளிக்காத பனைமரச் சாறு. நம் ஊர்ப் பதநீருக்கு நெருங்கிய உறவு. சத்துக்குறைவால் வாடும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மலிவான சத்துணவாகும் என்று கண்டார். அந்த ஆய்வுக்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது. 1998இல் மறைந்தார்.

கமலாவின் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் வேதியியல் படித்தவர்கள். பிராமணக் குடும்பம். அவருக்கே வாசல் அப்படி அடைபட்டது என்றால், சாதியும் சேர்ந்து அழுத்திய பெண்ணின் நிலை என்ன?

அதற்கான பதில் தாட்சாயணி வேலாயுதன். கொச்சியை அடுத்த முளவுகாட்டில், புலையர் சமூகத்தில் 1912இல் பிறந்தவர். அடுத்த ஆண்டு அம்மக்கள் கூட்டம் போடக் கரையில் இடம் கிடைக்காமல், படகுகளைச் சேர்த்துக் கட்டிக் காயல் நீரின் மேல் கூடினார்கள். அந்தப் பின்னணியிலிருந்து எர்ணாகுளம் மகாராஜா கல்லூரிக்கு வந்து, 1935இல் வேதியியலில் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான்.

வாசல் அவருக்குத் திறந்தது. மேசை திறக்கவில்லை. சாதி இந்து ஆசிரியர் செய்முறையை அவருக்குக் காட்ட மறுத்தார். எட்ட நின்று பார்த்தே அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த ஆய்வுக்கூடமும் அவரை அதன்பின் காணவில்லை. பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது எழுந்து பேசினார். இன்றைய 17ஆவது பிரிவு அதுதான்.

கமலாவின் உழைப்பு ஆய்வுக் கட்டுரைகளாக இதழ்களில் இருக்கிறது. தாட்சாயணியின் சொற்கள் சபை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன. வேதியியலில் அவர் எழுதியிருக்கக்கூடிய பக்கங்கள் மட்டும் எங்கும் இல்லை. அந்த இழப்பு நாட்டுக்கும்தான்.

தாட்சாயணி படித்தது உதவித்தொகையில். இன்றும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதியினர் வெளிநாடு போய்ப் படிக்கவும் தேசிய உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் கடைசி நேரம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கி வையுங்கள். இவை வாசலைத் திறக்கும்.

மேசையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவன் டைட்ரேஷன் செய்ய, மற்ற மூவர் பார்த்து எழுதும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்த மூவரில் நம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், எப்போதும் நிற்பதை ஆசிரியர்கள் அனுமதிக்கக் கூடாது. பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: "எங்க புள்ள கையால எத்தனை சோதனை செஞ்சிருக்குது?"

தங்கச்சி, பியூரெட்டை நீ பிடி. ரெக்கார்டு நோட்டில் உன் கண் பார்த்த அளவை, உன் கையால் எழுது.