எலியின் பிட்யூட்டரி உயிரணுக்களில் மருந்துகள், ஹார்மோன்களின் விளைவு: புரோலாக்டின் சுரப்பை முன்வைத்து

முன்னுரை

பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலில் ஐந்து முதன்மையான உயிரணு வகைகள் உள்ளன. அவற்றுள் புரோலாக்டினைச் சுரக்கும் உயிரணுக்கள் தனித்தன்மை உடையவை. ஏனைய வகைகளை ஹைப்போதலாமஸ் பெரிதும் தூண்டி இயக்குகிறது. இவற்றையோ அடக்கி வைக்கிறது. எலியின் பிட்யூட்டரியை அகற்றி, அதே விலங்கின் சிறுநீரக உறையின்கீழ்ப் பொருத்தினால் பிற ஹார்மோன்களின் சுரப்பு குன்றுகிறது. புரோலாக்டின் சுரப்பு மட்டும் தொடர்கிறது. அடக்கும் ஆற்றல் மூளையிலிருந்தே வருகிறது என்பதை இது காட்டுகிறது.

டோபமினும் மருந்துகளும்

அவ்வாறு அடக்கும் பொருள் டோபமின் ஆகும். இது ஹைப்போதலாமஸிலிருந்து குருதிக் குழாய்கள் வழியாக முன்மடலை அடைந்து, உயிரணுப் படலத்திலுள்ள டி2 ஏற்பிகளுடன் இணைகிறது. அதனால் உயிரணுவினுள் வளைய ஏ.எம்.பி.யும் கால்சியமும் குறைந்து சுரப்பு தணிகிறது. புரோமோகிரிப்டின் இவ்வேற்பிகளைத் தூண்டிச் சுரப்பைக் குறைப்பதோடு, புரோலாக்டின் மரபணுவின் படியெடுப்பையும் தணிக்கிறது. மனநோய் மருந்தாகிய ஹாலோபெரிடால் அதே ஏற்பிகளைத் தடுப்பதால், அடக்குமுறை நீங்கிப் புரோலாக்டின் உயர்கிறது. இம்மருந்தை உட்கொள்வோர் சிலரிடம் மாதவிடாய்க் கோளாறும் பேறுகாலம் சாராத பால் சுரப்பும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஈஸ்ட்ரோஜனின் செயல்

ஈஸ்ட்ரோஜன் எதிர்த்திசையில் இயங்குகிறது. அது புரோலாக்டின் மரபணுவின் படியெடுப்பைப் பெருக்குகிறது. டோபமினுக்கு உயிரணுக்கள் காட்டும் உணர்திறனைக் குறைக்கிறது. உயிரணுப் பிரிவையும் ஊக்குவிக்கிறது. ஃபிஷர் 344 வகை எலிகளுக்குப் பல வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் செலுத்தினால் பிட்யூட்டரி பன்மடங்கு பெருத்துக் கட்டியாகிறது. ஸ்ப்ராக்-டாவ்லி எலிகளில் இவ்வளர்ச்சி மிகக் குறைவு. ஹார்மோன் ஒன்றாயினும் மரபியல் பின்புலம் மாறும்போது விளைவும் மாறுகிறது.

ஆய்வு மாதிரியின் வரம்பு

எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டு 1968-இல் அறிவிக்கப்பட்ட ஜி.எச்.3 உயிரணு மரபுவரிசை இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. இது புரோலாக்டினையும் வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கிறது. தைரோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனுக்குத் தக்கவாறு வினைபுரிகிறது. ஆயினும் இதில் செயல்படும் டி2 ஏற்பிகள் இல்லை. ஆகவே, இவ்வுயிரணுக்களில் புரோமோகிரிப்டின் விளைவு தராமை அம்மருந்தின் பயனின்மைக்குச் சான்றாகாது. விளைவு தரினும் அது டி2 ஏற்பி வழி நிகழ்ந்ததெனக் கொள்ள இயலாது. இயல்பான சுரப்பியிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களுடன் ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும்.

முடிவுரை

ஒரு மருந்து புரோலாக்டினை உயர்த்துகிறதா, குறைக்கிறதா என்பது ஏற்பிகளின் இருப்பு, ஈஸ்ட்ரோஜன் சூழல், எலியின் வகை ஆகியவற்றைச் சார்ந்துள்ளது. டி2 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளை நீண்டகாலம் பெற்ற எலிகளில், புரோலாக்டின் உயர்வை ஒட்டிப் பால்சுரப்பிக் கட்டிகள் மிகுவதுண்டு. அதனைக் கொண்டு மனிதரிடமும் அவ்வாறே நிகழுமெனத் துணிதல் பொருந்தாது. எனவே, எவ்வகை எலி, எப்பாலினம், எவ்வுயிரணு என்பவற்றை முடிவுகளோடு சேர்த்துக் குறிப்பிடுவது இவ்வாய்வுகளின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையாகும்.